உலகம்மாளின் கண்கள்

கண் பட்டுவிடக் கூடாதென்று வீட்டுக்கு வீடு பூசணிக்காயில் பூதம் வரைந்து தொங்கவிடுகிற ஊரில், அரசாங்கம் ஓர் எந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கி, அதற்கு ‘ஊர்க்கண்’ என்று பெயரும் வைத்தது. வைத்த புண்ணியவான் எந்தச் சீமைக்காரரோ தெரியவில்லை. பூவன்குறிச்சியில் முதல் ஒரு மாதம் அந்தக் கட்டடத்தின் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு மெல்ல மெல்ல வந்தார்கள். எந்திரத்துக்கு வேண்டியது பழைய போட்டோக்கள். நூறு வீட்டுப் படங்களைக் கொடுத்தால், அவற்றுக்கு நடுவே விட்டுப்போனதையெல்லாம் தானே ஊகித்து நிரப்பி, பழைய ஊரை அப்படியே எழுப்பி நிறுத்தும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளின் கடைத்தெருவில் நடக்கலாம். எப்போதோ செத்துப்போன பலசரக்குக் கடைக்காரர் பொட்டலம் மடிப்பார். பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வார். ஊரின் சரித்திரம் அழியாமல் காக்கப்படும் என்று அமைச்சர் சொல்லிவிட்டுப் போனார். பழைய சேர்மன் வீட்டார் தங்கள் தாத்தாவுக்குக் கொஞ்சம் முடி வைத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில் ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட அத்தையைக் குடும்பப் படத்திலிருந்து கத்தரித்திருந்தார்கள். எந்திரம் அந்த ஓட்டையில் அத்தையைத் திரும்ப உட்கார வைத்துவிட்டது. அவர்கள் படத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

செண்பகவல்லி கொடுத்தது ஒரே ஒரு படம். அவளிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது அறுபத்தைந்து. ஊருக்கே டீச்சர். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். அந்த வீட்டுப் பட்டாசாலையில், அதாவது முன்கூடத்துச் சுவரில், அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளுடைய அம்மா உலகம்மாள் தொங்கிக்கொண்டிருந்தாள். சுடர் ஸ்டுடியோ முத்திரை போட்ட கருப்பு வெள்ளைப் படம். கல்யாணக் கூறைப் புடவையில், நாற்காலியில், மடியில் கைக்குழந்தையோடு. குழந்தை செண்பகவல்லிதான். குழந்தையின் முகம் அசைந்து கலங்கிப் போயிருக்கும். அம்மாவின் முகம் கல்லில் செதுக்கினாற்போலத் தெளிவாக இருக்கும். பார்வை நேராக உங்களைப் பார்க்கும். சும்மா பார்க்காது. அள்ளி எடுத்துக்கொள்ளப் போகிறவளைப் போலப் பார்க்கும்.

செண்பகவல்லி பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது உலகம்மாள் காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா அதே மாதம் முடிவதற்குள் உலகம்மாளின் தங்கை ஆவுடையைக் கட்டிக்கொண்டார். குழந்தையை வேறொருத்தி கையில் கொடுக்க முடியாது, சொந்தச் சித்தி என்றால் பார்த்துக்கொள்வாள் என்பது ஊர் நியாயம். ஆவுடை பார்த்துக்கொள்ளவும் செய்தாள். ஆனால் செண்பகவல்லிக்கு ஒரு பிடிவாதம். அவளை ஒரு நாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. சித்தி ஒரு சொல் சொன்னால் போதும், ஓடிப்போய்ப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொள்வாள். “எங்கம்மா பாத்துக்கிட்டுதான் இருக்கா” என்பாள், ஐந்து வயதிலேயே. அந்தப் படத்தை அவள் பார்த்ததில் பாதியாவது சித்தியின் முகத்தைப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

அம்மா நடப்பதைப் பார்க்க வேண்டும். தன்னைக் கூப்பிடுவதைக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் படத்தைக் கழற்றிக் கொடுத்தாள். வேறு சரித்திரம் எதையும் காப்பாற்றுகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

ஒரு வாரம் கழித்து மெர்லின் கூப்பிட்டு அனுப்பினாள். ஊர்க்கண்ணைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நாகர்கோவில் பெண். வேலையில் கெட்டிக்காரி, சிரித்த முகம்.

“டீச்சர், அம்மாவுக்கு ஒரே ஒரு படந்தான் இருக்குன்னு சொன்னீங்க. இப்ப எங்ககிட்ட ஏகப்பட்டது இருக்கு. போட்டுப் பாருங்க.”

கண்ணாடியை மாட்டியதும் வெயில் அடித்தது. அவள் படித்த ஆரம்பப் பள்ளியின் வாசல். ஐஸ் வண்டி. குடையோடு காத்திருக்கிற பெண்கள். அவர்களில் ஒருத்தி, கையில் தூக்குவாளியோடு, வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். படத்தில் இருப்பதைவிட ஏழெட்டு வயது கூடியிருந்தது. ஆனால் அதே பார்வை. இரட்டைச் சடை போட்ட சிறுமி ஒருத்தி வெளியே வந்ததும் அந்தக் கண்கள் மலர்ந்தன.

“அம்மா,” என்றாள்.

அந்தப் பெண் திரும்பினாள். “என்ன கண்ணு?”

அறுபத்தைந்து வயசுக் கிழவி அங்கேயே நின்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுது முடித்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. கண்ணாடியைக் கழற்றினாள்.

“மெர்லின், இது எப்படி? நான் பத்து மாசமா இருக்கும்போதே அம்மா போயிட்டாளே. பள்ளிக்கூடத்துக்கு எப்படி வருவா?”

மெர்லினின் சிரிப்பு நின்றது. “என்ன டீச்சர் சொல்றீங்க? இவங்க உங்க கல்யாணத்துலகூட நிக்கிறாங்களே. எல்லாம் வேற வேற வீட்டுல இருந்து வந்த படங்க. பள்ளிக்கூட ஆண்டு விழா, தேரோட்டம், யாரோ வீட்டுச் சடங்குன்னு எல்லாத்துலயும் ஓரத்துல இவங்க இருக்காங்க. உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க.”

“அது அம்மாதான்னு எதை வச்சுச் சொல்லுது?”

“கண்ணை வச்சுதான். முகம் வயசாக வயசாக மாறிரும். பழைய படத்துல மூக்கு, காதெல்லாம் மங்கியிருக்கும். ஆனா கண்ணோட அமைப்பு மாறாது. இமை மடியுற விதம், ரெண்டு ஓரத்துக்கும் உள்ள தூரம், கருவிழி உக்காந்திருக்கிற இடம், எல்லாம் ஆளுக்கு ஆள் வேற. ஒரே கண்ணுன்னா ஒரே ஆளு. இதுல இதுவரைக்கும் தப்பு வந்ததில்ல.”

செண்பகவல்லிக்கு அந்தத் தூக்குவாளி ஞாபகம் வந்தது. வளையத்தில் நூல் சுற்றின தூக்குவாளி. பள்ளிக்கூட வாசலில் அதை வைத்துக்கொண்டு நின்றது யார் என்றும் ஞாபகம் வந்தது. கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஆவுடை பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எண்பத்தொரு வயது. முதுகு வளைந்திருந்தது. கண் மட்டும் கண்ணாடி இல்லாமல் நன்றாகத் தெரிந்தது. செண்பகவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து அந்தக் கண்களைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. படத்தில் இருந்த அதே கண்கள்.

“என்னட்டி, புதுசாப் பாக்குத?”

“சித்தி, அம்மா படத்துல இருக்கது யாரு கண்ணு?”

ஆவுடையின் கை கீரையிலேயே நின்றது. பிறகு மறுபடி உருவத் தொடங்கியது.

“எந்திரம் சொல்லிட்டாக்கும்? நானா ஒருநாளும் சொல்லப்பிடாதுன்னு உங்க ஆச்சி சத்தியம் வாங்கியிருந்தா. அவளும் போயாச்சு, உங்கப்பாவும் போயாச்சு. இனி என்ன. என் கண்ணுதான்.”

“எப்படி?”

“அக்கா செத்தன்னைக்கு எடுத்த படம் அது. கல்யாணத்தப்போ பேய்மழை, படம் பிடிக்கிறவன் வரல. அவ ஞாபகமா ஒரு படமும் கிடையாது. பிள்ளைக்கு நாளைக்குக் காட்ட வேண்டாமான்னு செத்தவளக் குளிப்பாட்டி, கூறைப்புடவை கட்டி, நாற்காலியில சாத்தி வச்சு எடுத்தாவ. அந்தக் காலத்துல எல்லா வீட்லயும் உள்ளதுதான். உன்னத் தூக்கி அவ மடியில வச்சாவ. நீ நிக்காம அழுத. நாற்காலிக்குப் பின்னாடி துணிக்குள்ள குனிஞ்சுக்கிட்டு உன் இடுப்பப் பிடிச்சது நான்.”

அம்மாவின் மடியில் தான் இருக்கும் ஒரே படம் என்று செண்பகவல்லி ஊரெல்லாம் காட்டியிருக்கிறாள். உயிரில்லாத மடி.

“கண்ணு மூடியிருக்குல்லா,” ஆவுடை தொடர்ந்தாள். “சுடர் ஸ்டுடியோவுல தேவசகாயம்னு ஒரு ஆர்ட்டிஸ்ட் இருந்தாரு. செத்தவுகளுக்குக் கண்ணு தொறந்து வரையுததுல மன்னன். கூடப்பிறந்தவுக யாராவது உக்காந்தா அச்சா வரைஞ்சிருவேன்னாரு. என்னக் கொண்டுபோய் உக்கார வச்சாவ. நான் அக்காவ நெனச்சு அழுதுக்கிட்டே இருக்கேன், கண்ணு எப்படி வரும்? அவரு பாத்தாரு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து தன் முதுகுக்குப் பின்னாடி எனக்கு எதிர்க்க நிக்கச் சொல்லி உங்க ஆச்சிகிட்டச் சொன்னாரு. அந்தப் பிள்ளையப் பாரும்மா, இனி அதுக்குத் தாய் இல்லன்னு நெனச்சுப் பாரும்மான்னாரு. பாத்தேன். அதத்தான் வரைஞ்சாரு.”

“அதுக்காகவா உன்னை அப்பாவுக்கு…”

“உங்க ஆச்சி எதுக்கால நின்னு பாத்துக்கிட்டிருந்தால்லா. பேத்திய இவள மாதிரி யாரு பாப்பான்னு அங்கேயே முடிவு பண்ணிட்டா. எனக்கு அப்ப பதினேழு. வாத்தியார் பயிற்சிக்கு எடம் கெடைச்சிருந்துது, பாளையங்கோட்டையில. டிரங்குப் பெட்டி வாங்கி வச்சிருந்தேன். ஒரு பார்வை பாத்ததுக்கு ஆயுசு முழுக்க வாழ்ந்து கழிச்சேன். நீ என்னடான்னா அந்தப் பார்வையத் தேடிச் சுவத்துக்குப் போவ. நான் அடுப்படியில நின்னு பாத்துக்கிட்டிருப்பேன். வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் படத்துக்குப் பூப்போட்டது யாருன்னு நெனச்ச? என் கண்ணுக்கு நானே பூப்போட்டேன்.”

அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. செண்பகவல்லி நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள்.

“சித்தி, ஒரே ஒரு தடவை என்னை அப்படிப் பாரேன்.”

ஆவுடை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். நிஜமாகவே முயற்சி செய்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை ஆட்டினாள்.

“வரமாட்டேங்குட்டி. எப்பமோ நின்னு போச்சு.”

அப்புறம் எந்திரம் என்ன செய்து வைத்திருக்கிறது என்பதைச் செண்பகவல்லி சொன்னாள். பள்ளிக்கூட வாசல், தேரோட்டம், கல்யாணம் எல்லாவற்றிலும் நிற்பவளுக்கு உலகம்மாள் என்று பெயர் எழுதியிருக்கிறது என்றாள். ஆவுடை கீரைக்காம்பை வீசி எறிந்தாள்.

“அதெல்லாம் நான். எம்பேரப் போடச் சொல்லு. பெத்த பிள்ளைன்னு ஒண்ணும் கெடையாது, மேல்படிப்பு கெடையாது. நின்னது மட்டுந்தான் நான் செஞ்சது. அதையும் செத்தவ பேர்ல எழுதுவாவளோ? நாளைக்கே போய்ச் சொல்லிட்டு வா.”

“சரி சித்தி.”

மறுநாள் போனாள். சொல்லவும் செய்தாள். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். மெர்லின் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“செத்தவங்க கண்ணைத் தொறந்து வரைவாங்கன்னு எங்க யாருக்கும் தெரியாது டீச்சர். எந்திரத்துக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே இல்ல. கண்ணைப் பாத்தா உயிர்னு நெனச்சுக்கிடும்.” பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள். “திருத்துறது ஒரு நிமிஷ வேலைதான். குடும்பத்துல நீங்க சொன்னாப் போதும். வரைஞ்ச கண்ணை எடுத்துட்டா ரெண்டு பேரும் தனித்தனியாப் பிரிஞ்சிருவாங்க. இவங்க எல்லாத்துலயும் ஆவுடையம்மாள் ஆயிருவாங்க.”

“அம்மா?”

மெர்லின் தயங்கினாள். “அம்மாவுக்கு அந்த ஒரு படம்தான் மிஞ்சும். கண்ணு மூடினபடி. உயிரோட இருந்த படம் ஒண்ணுமில்லாம நடக்க வைக்கவோ பேச வைக்கவோ முடியாது.”

அந்தப் பொத்தானை அழுத்த ஒரு விரல் போதும். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக் கொடுத்தவள்! விரல் எழவில்லை. “ஒரே ஒரு தடவை பாத்துட்டு அழுத்துதேன்,” என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்குப் போனாள். “என்ன கண்ணு?” என்றாள் அம்மா. மறுநாளும் போனாள். சடங்கு வீட்டில் அம்மா அவளுக்குப் பூ வைத்துவிட்டாள். அதற்கடுத்த நாள் கல்யாணப் பந்தலில் அம்மா மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் சித்தி செய்தது என்று செண்பகவல்லிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே அம்மா, அம்மா என்று கூப்பிட்டாள். சித்தியை அப்படிக் கூப்பிட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று ஒரு நாள் நினைப்பு வந்தது. வந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

“சொன்னியாட்டி?” என்று ஆவுடை கேட்பாள்.

“சொல்லியாச்சு சித்தி. மாத்திருவாங்க.”

இதில் பாதி உண்மை. உண்மையில் பாதியைச் சொல்வதற்கு வாத்தியார் வேலை நல்ல பழக்கம் கொடுத்திருந்தது. படங்கள் சேர்த்து முடிந்து ஊர்க்கண்ணை எல்லாருக்கும் திறந்துவிடும் விழாவுக்கு முந்தின நாள் மெர்லின் கடைசியாகக் கேட்டாள். “டீச்சர், இன்னைக்கோட இதைப் பூட்டிருவோம். அப்புறம் யாராலயும் மாத்த முடியாது. அழுத்திரவா?”

செண்பகவல்லி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “இருக்கட்டும்மா,” என்றாள். “சித்தி என்ன, வந்து பாக்கவா போறா.”

ஆவுடை வந்தாள். யாரும் எதிர்பார்க்கவில்லை. கரைபோட்ட புடவை கட்டி, ஆட்டோ வைத்துத் தனியாக வந்து இறங்கினாள். வாழைமரம், மைக்செட், அமைச்சருக்குப் பொன்னாடை என்று கட்டடமே அமளியாக இருந்தது. செண்பகவல்லி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவருவதற்குள் மெர்லின் கிழவிக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டிருந்தாள். மாட்டிவிட்டவளுக்கு அது யார் என்று தெரியாது. தன் பெயரைக் கிழவி சொன்னபோதுதான் மெர்லினின் முகம் வெளுத்தது.

ஆவுடை உட்கார்ந்தபடியே ஊரைச் சுற்றினாள். அவள் பார்ப்பது சுவரில் இருந்த பெரிய திரையிலும் தெரிந்தது. தேர் வந்தது. கடைத்தெரு வந்தது. பள்ளிக்கூட வாசலும் வந்தது. தூக்குவாளியோடு நின்ற இளம்பெண்ணைக் கண்டதும் கிழவியின் உதடு லேசாக விரிந்தது.

“இது யாரு?” என்று கேட்டாள், தெரிந்துகொண்டே, சொல்லக் கேட்கிற ஆசையில்.

ஊர்க்கண் இனிமையான குரலில் சொன்னது: “உலகம்மாள். பூவன்குறிச்சி தலைமையாசிரியை செண்பகவல்லியின் தாயார். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துச் செல்ல வந்திருக்கிறார்.”

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். டீச்சரோட அம்மா, டீச்சரோட அம்மா என்று பேச்சு பரவியது. செண்பகவல்லி சித்தியின் தோளைத் தொட்டாள். ஆவுடை அந்தக் கையை எடுத்து அப்புறம் வைத்தாள்.

“அப்போ ஆவுடை யாரு? உலகம்மா தங்கச்சி ஆவுடை. அவ எங்க?”

எந்திரம் ஒரு நொடி தேடியது. அந்த வீட்டில் அந்த வருஷம் காய்ச்சலில் ஒரு சின்ன வயசுப் பெண் செத்துப்போனாள் என்று அக்கம்பக்கத்துக் கிழடுகள் சொல்லி வைத்திருந்தார்கள். யாரென்று பெயர் சொல்ல ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. உலகம்மாள் உயிரோடு இருப்பதை எந்திரம் தன் கண்ணாலேயே பார்த்திருந்தது. அப்படியானால் செத்தது தங்கையாகத்தான் இருக்க வேண்டும்.

“ஆவுடையம்மாள். உலகம்மாளின் தங்கை,” என்றது ஊர்க்கண். “பதினேழாம் வயதில் காய்ச்சலால் இறந்துவிட்டார். இவருடைய புகைப்படம் எதுவும் கிடைக்கவில்லை.”

மைக்செட்டில் யாரோ அமைச்சரை வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். ஆவுடை நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, செண்பகவல்லியின் கையில் கொடுத்தாள்.

“பதினேழு வயசுலயே போயிட்டேனாம்,” என்றாள். “உங்க எல்லாரையும்விட அதுக்கு வெவரம் தெரிஞ்சிருக்குட்டி. சரியாத்தான் சொல்லுது.”

எழுந்து ஆட்டோவைப் பார்த்து நடந்தாள். செண்பகவல்லி “அம்மா” என்று கூப்பிட்டாள். பெரிய திரையில் தூக்குவாளிக்காரி உடனே திரும்பி, “என்ன கண்ணு?” என்றாள். கிழவி திரும்பவில்லை.